வாய்க்காலில் வழி விடுதல்

எங்கள் இறங்குதுறையிலிருந்து படகு மிதக்கும் ஆழத்துக்குப் போவதற்கு ஒரேயொரு வாய்க்கால்தான் உண்டு. பரவைக்கடல் என்று நாங்கள் சொல்லும் இந்தக் களப்பு, கரையிலிருந்து வெகுதூரம் வரை முழங்கால் அளவு தண்ணீரும் அதன் கீழே அதைவிட ஆழமான சேறும் கொண்டது. ஆகவே நடுவில் வெட்டிய வாய்க்காலால்தான் எல்லாப் படகுகளும் போக வேண்டும், வர வேண்டும். வாய்க்காலின் விளிம்பு தெரிவதற்காக இரு பக்கமும் கம்பு நட்டு, நுனியில் பழைய சேர்ட்டுத் துண்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். நான் எண்ணியபடி கடலைப் பார்த்து இடப்பக்கம் முப்பத்தொரு கம்பு, வலப்பக்கம் இருபத்தெட்டு. ஏன் மூன்று குறைகிறது என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "ஆர் உதையெல்லாம் எண்ணினது?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பண்டத்தரிப்புப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்தவன். பெண் எடுத்தது கடற்கரையில். முப்பது ஆண்டுகள் கந்தோரில் எழுதுவினைஞராகக் கோப்புகளோடு இருந்துவிட்டு, ஐம்பத்தைந்தில் ஓய்வு எடுத்துக்கொண்டு ஒரு சிறிய கண்ணாடியிழைப் படகும் சிறிய எஞ்சினும் வாங்கினேன். காலையில் போய் முதல் நாள் விட்ட நண்டு வலையை எடுத்துக்கொண்டு வருவேன். ஊரில் என்னைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் படகுகளும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்கிற சம்மாட்டி வீட்டில் பிறந்து வளர்ந்த என் மனைவி, முதல் நாள் படகை இறக்கும்போது சொன்ன புத்திமதி இவ்வளவுதான்: "நீங்கள் கடலிலை விழுந்தாலும் பரவாயில்லை. ஆரோடையும் வாய் குடுத்துப் போடாதேங்கோ."

முதல் கிழமையே வாய் கொடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் வெளியே போய்க்கொண்டிருந்த படகில் மூன்று பேர் இருந்தார்கள். மரியாதைக்காக, "எங்கை, தொழிலுக்கோ?" என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுபோய், கால் மணி நேரம் துறைக் கட்டின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, அப்போதுதான் வீட்டிலிருந்து வருகிறவர்களைப் போல மறுபடி புறப்பட்டார்கள். பயணம் புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாய்க்காலில் போகிற எல்லோரும் கடலுக்குத்தானே போகிறார்கள், அதில் கேட்கவும் மறைக்கவும் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் வாய்க்கால் மரியாதைகளைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். உள்ளே வருகிற படகுக்கு வெளியே போகிற படகு வழி விட வேண்டும். வருகிற படகில் மீன் இருக்கிறது, மீன் பொறுக்காது. எதிரே வருகிறவரிடம் எவ்வளவு மீன் பட்டது என்று கேட்கக் கூடாது. "கடல் எப்பிடி?" என்று கேட்கலாம். அதற்கு அவர் "பரவாயில்லை" என்பார். படகு நிறைய மீன் இருந்தாலும் அதுதான் பதில், வெறும் வலையோடு வந்தாலும் அதுதான் பதில். கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் ஆபத்து என்று நினைப்பார்கள். ஓராண்டு முடிவில் இப்படிப் பதினேழு குறிப்புகள் சேர்ந்தன. எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகள், மருந்தகமொன்றில் வேலை செய்கிறவள், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்தபடி ஒரு விஷயத்தைச் சொன்னாள். ஒரு பொடியனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அப்படியே. பொடியன் துறையடியில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறான். தகப்பன் ஊரறிந்த சம்மாட்டி; மூன்று பெரிய படகுகள் சொந்தம். இரு குடும்பமும் ஒரே கத்தோலிக்கக் கோயிலின் பங்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாள் குறைவாக இருந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் பாஸ்கு என்ற ஈஸ்டர் பெருநாள் முடியும்வரை கோயிலில் கலியாணம் வைக்க மாட்டார்கள். பொடியனின் அக்கா கனடாவிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய லீவு தவக்காலத்தின் நடுவில் முடிந்துவிடும். தம்பியின் கலியாணத்தைப் பார்க்காமல் விமானம் ஏற மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது இன்னார் மகனும் இன்னார் மகளும் கட்டப்போகிறார்கள், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயில் குருவான சுவாமி அறிவிக்க வேண்டும். நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். ஏழு ஞாயிறுகள் இருந்தன.

"அவையள் வருவினம் அப்பா," என்றாள் மகள். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்."

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபதுக்கு, வலையெடுத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது இடப்பக்கம் பத்தொன்பதாம் கம்படியில் சம்மாட்டியாரின் சிறிய படகு நின்றது. பெரிய படகுகளில் அவருடைய ஆட்கள் போவார்கள். அவர் காலையில் இந்தச் சின்னப் படகில் தனியாக வந்து, களப்பில் கம்பு நட்டுக் கட்டியிருக்கும் தன் வலைகளைப் பார்த்துவிட்டுப் போவார். எஞ்சின் ஓடவில்லை. அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து, மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "என்ன அண்ணை, எஞ்சின் நிண்டு போச்சோ?" என்று கேட்டேன்.

அவர் துள்ளி எழுந்து, மடியில் இருந்ததைத் துவாயால் மூடினார். "ம்," என்றார். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

நான் கயிற்றை எறிந்தேன். அவர் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார்.

"கூச்சப்படாதேங்கோ அண்ணை. நாங்கள் இனி வேறை ஆக்களே?" என்று சொல்லி, நானே அவருடைய படகின் முன்பக்க அணியத்தில் கயிற்றைக் கட்டினேன். கட்டி, வாய்க்கால் முழுவதும் இழுத்து வந்து, மீனை ஏலம் கூறி விற்கிற நேரம் பார்த்து, இருபது முப்பது பேர் நிற்கும் இறங்குதுறைப் படியில் கொண்டுபோய் விட்டேன். விட்டது மட்டுமல்ல. "பாத்து இறங்குங்கோ அண்ணை. மகனட்டைச் சொல்லி எஞ்சினை ஒருக்கா வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ," என்றும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் நண்டு கழுவிக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றாள்.

"அவர் தாங்குகம்பை நட்டமா நிமித்திப் பிடிச்சவரோ?"

தாங்குகம்பு என்பது ஆழமில்லாத இடத்தில் படகை ஊன்றித் தள்ளுவதற்கு எல்லோரும் வைத்திருக்கும் நீளக் கம்பு. "இல்லை," என்றேன்.

"கம்பை நிமித்தாத மனிசனுக்கு ஆர் கயிறு எறியிறது? நிண்ட படகைக் கண்டா மெல்லமாப் போய்ச் சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டுப்போட்டு வாறதுதானே. தேவையெண்டா அவர் கம்பை நிமித்துவார். சரி, கயிறு குடுத்தியள். கண்டல் மூலையிலை விட்டனீங்களோ?"

"படி வரைக்கும் கொண்டந்து விட்டனான்."

அவள் நண்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். துறைக்குச் சற்று முன்னால், கண்டல் மரங்கள் மறைக்கிற வளைவில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டுமாம். அங்கிருந்து அந்த மனிதர் தாங்குகம்பை ஊன்றித் தானாக வந்ததுபோலத் துறைக்கு வருவாராம். இழுத்தவரும் இழுபட்டவரும் அதைப் பற்றிப் பிறகு கதைப்பதில்லையாம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். எஞ்சின் திருத்துகிறவனின் தகப்பனை, எஞ்சின் பழுதென்று, கலியாணம் கதைக்கப்போகிற நேரத்தில், பெண்ணின் தகப்பன் துறை முழுவதும் பார்க்கக் கட்டி இழுத்து வந்தது தன் அறிவுக்கு எட்டிய வரை இதுதான் முதல்தடவை என்றாள்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் குறிப்புகளை அன்று மாலை எழுதினேன்.

அந்த ஞாயிறு அவர்கள் கலியாணம் கதைக்க வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. துறையில் கதை வளர்ந்துகொண்டிருந்தது. "மகன் கை வைச்ச எஞ்சினெண்டா தகப்பனுக்குக் கயிறு வேணும்," என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொடியனின் கடை வாசலில் வழக்கமாக ஆறேழு எஞ்சின்கள் மரச்சட்டத்தில் தொங்கும். நான் போகவர எண்ணினேன். ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றானது. அந்த ஒன்று அவனுடைய சொந்த எஞ்சின்.

மன்னிப்புக் கேட்டுப் போகலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "என்னெண்டு கேப்பியள்? இழுத்ததைப் பற்றிக் கதைக்கிறதே பிழை எண்டு சொன்னனான். மன்னிப்புக் கேக்கப் போனா இன்னொருக்கா இழுத்தது மாதிரித்தான்," என்றாள். மகள் என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. "நீங்கள் உதவி எண்டு நினைச்சுத்தான் செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அப்பா," என்று மெதுவாகச் சொன்னாள். "அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு." அந்தக் கிழமை முழுவதும் அவள் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

தவக்காலத்துக்கு மூன்று ஞாயிறுகள் மட்டும் மிச்சமிருந்த நிலையில், முதலாவது ஞாயிற்றுக்கு முந்திய வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு நான் வெளியே போய்க்கொண்டிருந்தேன். வாடைக் காற்று மெல்லியதாக இருந்தது. தண்ணீர் வத்திக்கொண்டிருந்தது. எங்கள் பரவைக்கடலில் வத்து என்பது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். ஆனால் கம்புக்கு அப்பால் படகு மிதப்பதும் அதே ஒரு சாணில்தான். எதிரே ஒரு படகு வந்தது. சம்மாட்டியார்.

உள்ளே வருகிற படகுக்கு வழி விட வேண்டும் என்பது என் முதல் குறிப்புகளில் ஒன்று. சாதாரணமாக ஓரமாக ஒதுங்கினால் போதும். ஆனால் அவருக்கு நான் செய்ததற்கு ஓரம் போதாது என்று பட்டது. கம்புகளுக்கு வெளியே, மேட்டுப் பக்கமாகவே படகை விட்டு எஞ்சினைத் தூக்கினேன். நிமிர்ந்து பார்த்தால், எதிர்ப் பக்கத்தில் அவரும் கம்புகளுக்கு வெளியே போய் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நடுவில் வாய்க்கால் வெறுமையாக, தண்ணீர் பளபளவென்று கிடந்தது.

"போங்கோ அண்ணை," என்றேன்.

"நீங்கள் போங்கோ கிளாக்கர்."

"உள்ளை வாற படகுக்குத்தானே வழி."

"எனக்குக் கயிறு தந்த மனிசன் நீங்கள். கயிறு தந்தவருக்கு முன்னாலை போறதில்லை. போங்கோ."

இது என் குறிப்புகளில் இல்லாதது. இருந்தாலும் நான் எப்படிப் போவது? "இல்லை அண்ணை, நீங்கள் வயதிலும் மூத்தவர்," என்றேன். "நீங்கள் படிச்ச மனிசன்," என்றார் அவர். "உங்களிட்டை மீன் கிடக்கு." "ரெண்டு ஒட்டி மீன்தான் கிடக்கு, அது பொறுக்கும்." ஏழு ஐந்து வரை இப்படியே போனது. ஏழு ஐந்துக்கு என் படகு சற்றே ஒரு பக்கம் சரிந்தது. தாங்குகம்பை எடுத்து ஊன்றினேன். கம்பு அடி காணாமல் இறங்கியது. இழுத்தேன். கம்பு வரவில்லை, நான்தான் கம்பைப் பார்த்துப் போனேன். ஒருவழியாகப் பிடுங்கிப் படகுக்குள் போட்டேன். அவரும் எதிர்ப்பக்கத்தில் தன் கம்போடு போராடிக்கொண்டிருந்தார். இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்துப் பார்த்தேன். தொடை வரை போய், செருப்பில்லாமல் வெளியே வந்தது.

தண்ணீர் திரும்பிப் பெருக மூன்று மணித்தியாலமாவது ஆகும். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர், மீனோடு. எங்களுக்கு நடுவே வந்து வேகத்தைக் குறைத்தார்கள். அண்ணன் இடப்பக்கமும் பார்த்தான், வலப்பக்கமும் பார்த்தான். "என்ன கிளாக்கர், கம்பு மூண்டு குறையுது எண்டு நீங்களே வந்து நிக்கிறியளோ?"

"சாப்பிட்டாச்சோ?" என்று மரியாதையாகக் கேட்டான் தம்பி.

"ஓம்," என்றேன். "ஓம்," என்றார் சம்மாட்டியார். நாங்கள் கம்பை நிமிர்த்தவில்லை. ஆகவே அவர்கள் கயிறு தரவில்லை. போய்விட்டார்கள். நான் நிமிர்த்தினால் சம்மாட்டியாரை விட்டுவிட்டு நான் மட்டும் காப்பாற்றப்பட்டதாகிவிடும். அவர் நிமிர்த்தினால் இரண்டாம் முறையும் கயிறு வாங்கியவராகிவிடுவார். அடுத்த படகில் வந்தவர் எங்கள் ஊரில் வாய்க்குப் பேர்போனவர். அவர் எஞ்சினையே நிற்பாட்டிவிட்டார். "பந்தல்கால் ரெண்டும் வடிவா நட்டுக் கிடக்கு. பொம்பிளை மாப்பிளையைத்தான் காணேல்லை!"

"போடா டேய், மீன் பழுதாப் போகப்போகுது," என்றார் சம்மாட்டியார்.

"ஐயோ, நான் ஒண்டும் கேக்கேல்லை. சாப்பிட்டாச்சோ?"

எட்டரைக்கு மனைவி போனில் வந்தாள். "எங்கை நிக்கிறியள்?"

"வாய்க்காலிலை."

"இன்னுமோ? என்ன செய்யிறியள்?"

"வழி விட்டுக்கொண்டு நிக்கிறன்."

"ஆருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது மணியளவில் வெயில் ஏறிவிட்டது. சம்மாட்டியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகைக்கு அடியில் கையை விட்டு, துவாயில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"கிளாக்கர், நீங்கள் காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"இல்லை அண்ணை."

"பிடியுங்கோ."

தண்ணீருக்கு மேலாக ஒன்று பறந்து வந்தது. கைக்கு அகப்பட்டது. வாய்ப்பன். வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து பொரித்த வாய்ப்பன், இன்னும் எண்ணெய் மணத்தோடு.

"எனக்குச் சீனி வருத்தம்," என்றார் அவர். "டொக்டர் மறிச்சுப் போட்டார். மனிசி வீட்டிலை சீனிப் போத்தலையே அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப் போட்டா. இப்ப கனடாவிலையிருந்து வந்தவள் தாயைவிட மோசம். துறையடித் தேத்தண்ணிக் கடையிலை வாங்கிக்கொண்டு வந்து இஞ்சை, பத்தொன்பதாங் கம்படியிலை, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஒரு பத்து நிமிசம் நிம்மதியாத் தின்னுறனான். அவ்வளவுதான்."

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. "அப்ப அண்டைக்கு..."

"வாய் நிறைய வாய்ப்பன். என்னெண்டு கதைக்கிறது? என்ரை எஞ்சினுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊசி மாதிரி ஓடுது. அவன் திருத்தின எஞ்சின்."

"ஏன் அண்ணை துறையிலை சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? எஞ்சின் பழுதில்லையெண்டா ஏன் நிண்டனீர் எண்டு கேப்பினம். துறையிலை சொன்னா மத்தியானத்துக்கு முதல் மனிசியின்ரை காதுக்குப் போகும்." அவர் தன் வாய்ப்பனை ஒரு கடி கடித்து, நெடுநேரம் மென்றார். "மகன் அண்டைக்கு ராத்திரி முழுக்க எஞ்சினைக் கழட்டிப் பூட்டினவன், திரும்பவும் கழட்டிப் பூட்டினவன். ஒரு பிழையும் காணேல்லை. 'அப்பா, எனக்குத் தொழில் தெரியேல்லையோ' எண்டு கேக்கிறான். நான் வாயைத் திறக்கேல்லை. ஒரு வாய்ப்பனுக்காக, பெத்த பிள்ளையின்ரை பேரைக் கெடுத்துப்போட்டு இருக்கிறன் கிளாக்கர். அந்த வெக்கத்திலைதான் உங்கடை வீட்டுக்கும் வரேல்லை."

"நான் உங்களுக்குக் கோவம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்."

"கோவமோ? எனக்கு உங்களைக் கண்டாப் பயம். திரும்பவும் வந்து இழுத்துக்கொண்டு போயிடுவியள் எண்டு."

சிரிக்க வேண்டும் போலிருந்தது; அவர் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. இரண்டாவது வாய்ப்பனும் வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். எத்தனை என்று அவருடைய மனைவி கேட்டால் நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆகவே அன்றைய நாட்குறிப்பிலும் அந்த எண்ணிக்கை இல்லை.

பத்து இருபதுக்குப் படகின் அடியில் தண்ணீர் வந்தது. கால் மணியில் இரண்டு படகும் அசைந்தன. சம்மாட்டியார் ஊன்றித் தள்ளி வாய்க்காலுக்குள் வந்து எஞ்சின் கயிற்றை ஒருமுறை இழுத்தார். ஒரே இழுவையில் எஞ்சின் பற்றிக்கொண்டது. நானும் வாய்க்காலுக்குள் வந்தேன். என் எஞ்சினிலும் கோளாறில்லை. ஆனால் அதைத் தண்ணீருக்குள் இறக்கவில்லை. தாங்குகம்பை எடுத்து நட்டமாக நிமிர்த்திப் பிடித்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "உங்கடை எஞ்சினுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

அவர் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை எறிந்தார்.

கண்டல் மூலையில் அவர் வேகத்தைக் குறைத்தார். அவருக்கு முறை தெரியும்; கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். "அவிழ்க்காதேங்கோ அண்ணை," என்று கத்தினேன். "படி வரைக்கும்." மீன் வாங்குகிறவர்கள் இன்னும் கலையவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக எங்களைப் பற்றித்தான் அங்கே கதை நடந்திருக்க வேண்டும். எல்லோரும் படியோரம் வந்துவிட்டார்கள். அவருடைய எஞ்சின் முன்னால் ஊசிபோல ஓட, நான் பின்னால் மிதந்து வந்து சேர்ந்தேன். ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் தொடை வரை சேறு.

"என்ன கிளாக்கர், உங்கடை எஞ்சினும் படுத்திட்டுதோ?" என்று கேட்டார்கள்.

"ஓம்," என்றேன், எல்லோருக்கும் கேட்க; நான் எதையும் அப்படித்தான் சொல்வேன் என்பது அவர்களுக்குத் தெரியும். "அண்ணையின்ரை எஞ்சின் ஒரே இழுவையிலை ஸ்டாட். அண்டைக்கு அதிலை ஒரு பிழையும் இருக்கேல்லை. நான்தான் தெரியாத்தனமாக் கயிறு கட்டிப்போட்டன். இப்ப என்ரை எஞ்சினை அண்ணையின்ரை மகனட்டைக் குடுக்கப்போறன்."

கொடுக்கவும் செய்தேன். அவன் கழற்றிப் பார்த்து, "மாமா, இதிலை ஒரு பிழையும் இல்லையே," என்றான். மாமா என்றதை நான் கவனித்தேன். "ஒருக்காச் சேர்விஸ் பண்ணி, வாசலிலை நாலு நாள் தொங்க விடும் தம்பி," என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சம்மாட்டியார் துறையிலேயே சொல்லியிருந்தார். முதல் ஓலை மறுநாள் காலைப் பூசையில் வாசித்தாக வேண்டும். அது தவறினால் மூன்று ஞாயிறு வராது. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மனைவிக்கு யோசனை வந்தது. "அவர் மரியாதைக்கு அப்பிடிச் சொல்லியிருப்பார். பொம்பிளைப் பகுதிதானே முதல் போகவேணும்," என்றாள். நான்கு மணிக்கே கேக்கும் வாழைப்பழச் சீப்பும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில், இரண்டு குடும்பம் ஒருமிக்கக் கடக்க முடியாத இடத்தில், எதிரே சம்மாட்டியார் குடும்பம் வந்தது. அவர்களிடமும் ஒரு கேக். அவருடைய மனைவிக்கும் அதே யோசனையின் மறுபக்கம் வந்திருக்கிறது: நாங்கள் அங்கே புறப்படுவதற்குள் அவர்கள் முந்திவிட வேண்டும்.

"நீங்கள் திரும்புங்கோ, நாங்கள் வாறம்," என்றார் சம்மாட்டியார்.

"இல்லை, நீங்கள் திரும்புங்கோ," என்றேன். சம்மாட்டியார் சுவரோரம் ஒதுங்கினார். நானும் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கினேன்.

"ஐயோ, திரும்பவும் தொடங்கியிட்டினம்," என்றாள் கனடாவிலிருந்து வந்தவள்.

மகள் எங்கள் இருவருக்கும் நடுவே நடந்து போனாள். போய்ப் பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கை முடிவில் சுவாமியின் அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "அஞ்சு மணிக்குச் சுவாமி பூட்டிப்போட்டுப் போயிடுவார். வாறவை வாங்கோ."

எல்லோரும் போனோம். சுவாமி பதிவுப் புத்தகத்தைத் திறந்து விவரம் எல்லாம் எழுதி, ஓலை வாசிப்பதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பேனையை மேசையில் வைத்தார். நான் சம்மாட்டியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள்..." என்று தொடங்கினேன்.

மகள் பேனையை எடுத்துத் திறந்து, என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டாள். "அப்பா," என்றாள். "போட்டிட்டு அவரட்டைக் குடுங்கோ."

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்திட்டேன். அடுத்தநாள் காலை ஆறரைப் பூசையில், பிரசங்கம் முடிந்த கையோடு, சுவாமி இரண்டு பெயர்களையும் வாசித்தார். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது, எங்களுக்குப் பின்வரிசையில், வாய்க்குப் பேர்போன அந்த மனிதர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். என் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முழங்காலில் நின்று, மிகவும் பக்தியோடு, கண்ணை மூடிக்கொண்டார்.